தாடையை வெட்டும் முன்: அந்த அகலம் எலும்பா, தசையா?

கேள்வி: எனக்கு 27 வயது. சொந்த ஊர் திருச்சி, வேலை சிங்கப்பூரில். முகத்தின் கீழ்ப்பாதி அகலம். 'அப்பாவின் தாடை' என்று வீட்டில் சொல்வார்கள். இந்த நாலைந்து வருஷத்தில் இன்னும் அகன்றுவிட்டதுபோல் இருக்கிறது. காலையில் எழும்போது தாடை கனத்து, நெற்றிப்பொட்டு வலிக்கிறது. ஐந்து மாதத்தில் கல்யாணம். தென்கொரியாவின் சோல் நகரத்து கிளினிக் ஒன்றுக்கு மூன்று போட்டோ அனுப்பினேன். தாடைக் கோணத்தை வெட்டுவது, மோவாயைக் குறுக்குவது, கன்னக் கொழுப்பை எடுப்பது மூன்றையும் 'வி-லைன்' என்று ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று அங்கிருந்து பதில் வந்தது. முன்பணம் கேட்கிறார்கள். எனக்கு ஒன்பது நாள் லீவு இருக்கிறது. போகலாமா? உதடு மரத்துப்போகும் என்கிறார்களே, அது சரியாகிவிடுமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

முன்பணம் இன்னும் கட்டவில்லை என்றால் கட்டாதீர்கள். கட்டிவிட்டிருந்தாலும் டிக்கெட் போடாதீர்கள். இந்த அறுவையே கூடாது என்பது என் கருத்தல்ல. சரியான முகத்துக்குச் சரியான கைகளால் செய்தால் நல்ல பலன் தரும் சிகிச்சைதான். ஆனால் உங்கள் முகத்தின் அகலம் எதனால் ஆனது என்று இதுவரை ஒருவரும் தொட்டுப் பார்க்கவில்லை. மூன்று போட்டோவை வைத்து எலும்பை எவ்வளவு வெட்டுவது என்று முடிவு செய்ய யாராலும் முடியாது.

கீழ்முகத்துக்கு அகலம் தருபவை நான்கு: எலும்பு, அதன்மேல் படர்ந்த மெல்லும் தசை, தோலடிக் கொழுப்பு, காதுக்கு முன்னும் கீழும் இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பி. இப்போதே கண்ணாடி முன் நின்று பாருங்கள். காதுச் சோணைக்குக் கீழே தாடை திரும்பும் மூலையில் இரண்டு பக்கமும் மூன்று விரல்களை வையுங்கள். கடைவாய்ப் பற்களை அழுத்திக் கடியுங்கள், பிறகு தளர்த்துங்கள். கடிக்கும்போது விரலுக்கடியில் கட்டியாக உருண்டு எழும்பி, தளர்த்தியதும் அமுங்கினால் அது மசட்டர் என்கிற மெல்லும் தசை. தளர்த்திய பிறகும் கெட்டியான விளிம்பு வெளிப்பக்கம் துருத்திக்கொண்டு நின்றால் எலும்பு. கடித்தாலும் தளர்த்தினாலும் மெத்தென்றே இருந்தால் கொழுப்போ சுரப்பியோ. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்டவை கலந்திருக்கும். எது அதிகம் என்பதுதான் கேள்வி.

உங்கள் கடிதத்திலேயே இரண்டு தடயங்கள் இருக்கின்றன. பெண்களுக்குத் தாடை எலும்பின் வளர்ச்சி ஏறத்தாழ 18 வயதோடு நின்றுவிடும். 22 வயதுக்குப் பிறகு அகன்றதென்றால், அகன்றது எலும்பாக இருக்க வாய்ப்புக் குறைவு. காலையில் தாடை கனப்பதும் நெற்றிப்பொட்டு வலிப்பதும் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்கள் சொல்லும் குறைகள். ராத்திரி முழுக்க உடற்பயிற்சி செய்யும் தசை பெருக்கத்தானே செய்யும்? பல் மருத்துவர் பார்த்தால் கடைவாய்ப் பற்களின் முகடுகள் தேய்ந்திருப்பதும், கன்னத்தின் உட்புறம் பல்வரிசையை ஒட்டி வெள்ளைக் கோடு விழுந்திருப்பதும், நாக்கின் ஓரத்தில் பல் அச்சு பதிந்திருப்பதும் தெரியும். அப்பாவிடமிருந்து வந்த எலும்பு அடியில் இருக்கலாம். அதன்மேல் ஏறியது தசை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வேறு சில காரணங்களையும் விலக்கிவிட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வீங்கிக்கொண்டே வந்தால் அழகு சிகிச்சையைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஸ்கேன் எடுக்க வேண்டும். அது சுரப்பிக் கட்டியாகவோ எலும்புக் கட்டியாகவோ இருக்கலாம். காதடிச் சுரப்பிகள் இரண்டும் வலியில்லாமல் பெருத்திருந்தால் சர்க்கரை நோய், மதுப் பழக்கம், சாப்பிட்டதை வாந்தியெடுத்து எடை குறைக்கும் பழக்கம் ஆகியவற்றை விசாரிப்போம். மோதிரம் இறுகிப்போவது, செருப்பு அளவு கூடுவது, பற்களுக்கிடையே இடைவெளி விழுவது இவையும் சேர்ந்திருந்தால் வளர்ச்சி ஹார்மோன் அதிகமாகச் சுரக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை தேவை. அந்த நிலையில் தாடையை வெட்டினால் மறுபடியும் வளரும்.

தசை என்று உறுதியானால் முதல் சிகிச்சை, தசையைத் தளரவைக்கும் போட்டுலினம் நச்சு ஊசிதான். இந்தத் தசைப் பெருக்கத்தை 1880-லேயே லெக் என்ற ஆங்கில மருத்துவர் பதிவு செய்திருக்கிறார். 1940-களில் தசையையே வெட்டியெடுத்தார்கள். ரத்தப்போக்கும் வாய் திறக்க முடியாமையும் அதிகம். 1994-ல் இந்த ஊசியைப் பயன்படுத்திய அனுபவங்கள் வெளிவந்த பிறகு, தசைக்காகக் கத்தி எடுக்க வேண்டிய தேவை ஏறக்குறைய இல்லாமலாகிவிட்டது.

அந்த மருந்தின் போடாக்ஸ் என்கிற பிராண்ட் என்றால் பெண்களுக்குப் பொதுவாக ஒரு பக்கத்துக்கு 20 முதல் 30 யூனிட் போதும். தசை மிகப் பெருத்திருந்தால் கொஞ்சம் கூடும். வேறு பிராண்டுகளின் யூனிட் வேறு கணக்கு. ஒன்றின் எண்ணை இன்னொன்றுக்குப் பொருத்தக்கூடாது. காதுச் சோணையிலிருந்து வாய் ஓரத்துக்கு ஒரு கோடு போட்டு, அதற்குக் கீழே, தசையின் முன்விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி மூன்று அல்லது நான்கு இடங்களில் போட வேண்டும். கோட்டுக்கு மேலே உமிழ்நீர்க் குழாய் போகிறது. முன்விளிம்பைத் தாண்டினால் சிரிப்புக்கான தசையில் மருந்து பரவி, சில வாரங்களுக்குச் சிரிப்பு கோணலாகும். கல்யாண போட்டோவுக்கு முன் அது எவ்வளவு பெரிய துக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஊசி ஆழத்தில் மட்டும் இறங்கி மேலடுக்குக்கு மருந்து போகாவிட்டால், கடிக்கும்போது அந்த மேலடுக்கு மட்டும் உருண்டையாகப் புடைக்கும். அதற்கு இன்னும் சில யூனிட்டை மேலாகப் போட்டால் அடங்கிவிடும்.

போட்ட இரண்டாவது வாரத்தில் கடி தளரும். தசை மெலிவது கண்ணுக்குத் தெரிய ஆறு வாரமாவது ஆகும். 10 முதல் 12 வாரத்தில் முழு வடிவம். நான்கு முதல் ஆறு மாதத்தில் தசை மெல்லத் திரும்ப ஆரம்பிக்கும். இரண்டு மூன்று முறை தொடர்ந்து போட்டவர்களில் பலருக்கு இடைவெளி நீளும். கர்ப்பம், தாய்ப்பால் கொடுக்கும் காலம், மயஸ்தீனியா போன்ற நரம்புத்தசை நோய்கள் இருந்தால் போடக்கூடாது. கல்யாணத்துக்குப் பின் உடனே குழந்தை வேண்டும் என்று திட்டமிருந்தால் அதை ஊசி போடும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். அளவுக்கு மீறி, ஆண்டுக்கணக்கில் போட்டுக்கொண்டே போவதும் நல்லதல்ல. கடிக்கும் விசை குறைந்தால் எலும்பின் அடர்த்தி குறையக்கூடும் என்று விலங்கு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கல்யாணத்துக்கு ஐந்து மாதம், இருபது வாரத்துக்குச் சற்று மேல். அடுத்த நான்கு வாரத்துக்குள் பல் மருத்துவரையும் முகத்தாடை மருத்துவரையும் பார்த்துவிட்டு ஊசி போட்டால், முகூர்த்த நாளில் பலன் முழுதாக இருக்கும். கூடவே ராத்திரியில் மாட்டிக்கொள்ளும் கெட்டியான அக்ரிலிக் பல்லுறை ஒன்று அளவெடுத்துச் செய்துகொள்ளுங்கள். அது தசையைக் கரைக்காது, பல்லைத் தேயாமல் காக்கும். சூயிங்கம் மெல்லும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

போட்டோவைப் பற்றியும் ஒரு வார்த்தை. குழுப் படத்தில் ஓரத்தில் நின்றால் செல்போனின் அகலக் கோண லென்ஸ் முகத்தைப் பக்கவாட்டில் இழுத்துக் காட்டும். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று இருமடங்கு ஜூமில் ஒருவரை எடுக்கச் சொல்லி, அந்தப் படத்தை வைத்து உங்கள் முகத்தை எடை போடுங்கள்.

இனி, ஸ்கேனில் எலும்புதான் காரணம் என்று தெரிந்தால் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம். தென்கொரியாவில் சதுரத் தாடைக்கான அறுவை 1980-களிலிருந்தே வேரூன்றியது. 42 பேருக்குச் செய்த அனுபவத்தை பெக் என்ற மருத்துவரின் குழு 1989-ல் வெளியிட்டது. அதனால் அங்கே அனுபவம் ஏராளம், விளம்பரமும் ஏராளம். விளம்பரம் சொல்லாத ஒன்று உண்டு: தாடைக் கோணத்தின் மூலையை வெட்டினால் மாற்றம் பெரிதாகத் தெரிவது பக்கவாட்டில்தான். நேருக்கு நேர் பார்க்கும்போது அகலம் குறைய வேண்டுமானால், எலும்பின் வெளிப்பட்டையைச் சீவியெடுக்க வேண்டும், அல்லது தசை மெலிய வேண்டும். மூலையை மட்டும் வெட்டிக்கொண்டு, "முன்னால் பார்த்தால் அப்படியேதானே இருக்கிறது" என்று மறு அறுவைக்கு அலைபவர்கள் உண்டு. எனவே எந்த மருத்துவரிடமும் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: "கோணத்தை வெட்டுகிறீர்களா, வெளிப்பட்டையை எடுக்கிறீர்களா, இரண்டுமா? முன்பக்க அகலத்தில் ஒரு பக்கத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் குறையும்?" விடை மில்லிமீட்டரில் வர வேண்டும். அது ஒற்றை இலக்கமாகத்தான் இருக்கும்.

அறுவை முழு மயக்கத்தில் நடக்கும். வாய் வேலைக்கு இடம் விட்டு, மூச்சு விட உதவும் பிளாஸ்டிக் குழாயை மூக்கு வழியாகச் செலுத்துவார்கள். கீழ்வரிசைப் பற்களுக்கு வெளியே, கன்னத்தின் உட்பக்கம், ஈறிலிருந்து ஐந்து மில்லிமீட்டர் விட்டு வெட்டுவார்கள். தையல் பிடிக்க அந்தச் சதை வேண்டும். பிறகு எலும்பை ஒட்டிய சவ்வுக்கு அடியிலேயே போய்த் தசையை விலக்குவார்கள். இந்தச் சவ்வைக் கிழிக்காமல் போவதில்தான் பாதி பாதுகாப்பு இருக்கிறது. தசையின் முன்விளிம்பில் முகத் தமனி தாடையின் கீழ்விளிம்பைக் கடக்கிறது; தாடைக்குப் பின்னால் பெரிய சிரை ஓடுகிறது; கீழுதட்டை அசைக்கும் நரம்புக் கிளையும் அருகில்தான். சவ்வுக்குள் இருக்கும்வரை இவை மூன்றும் வெளியே பத்திரமாக இருக்கும். அலையும் ரம்பத்தால் கோணத்திலிருந்து மோவாய் நோக்கி ஒரே நீண்ட வளைவாக அறுப்பது நல்ல முறை. கோணத்தை மட்டும் நேர்க்கோட்டில் நறுக்கிவிட்டால், அதற்கு முன்னால் இரண்டாவதாக ஒரு மூலை உருவாகிப் புடைத்துத் தெரியும். அறுத்து முடியாத எலும்பை உளியால் தட்டிப் பிளக்க முயன்றால், விரிசல் மேல்நோக்கி ஓடித் தாடை மூட்டின் கழுத்து முறியலாம். அப்படி நடந்தால் பல்வரிசை பொருந்தாது, பிளேட் வைக்கவோ பற்களைக் கம்பியால் கட்டவோ வேண்டிவரும்.

உதடு மரத்துப்போவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். கீழுதடு, மோவாய், கீழ்ப் பற்கள் ஆகியவற்றின் உணர்வு நரம்பு தாடை எலும்புக்குள்ளேயே ஒரு குழாய் வழியாக ஓடி, முன்கடைவாய்ப் பற்களின் வேருக்குக் கீழே ஒரு துளை வழியாக வெளியே வருகிறது. சிலருக்கு இந்தக் குழாய் எலும்பின் கீழ்விளிம்புக்கு மிக அருகில் ஓடும். அவர்களிடம் வெட்டுவதற்கு இடமே இருக்காது. இதை அறிய நம்பகமான வழி சி.டி. ஸ்கேன். திரையில் நரம்புக்குழாயை வண்ணமிட்டு, கீழ்விளிம்பிலிருந்து எவ்வளவு தூரம் என்று இரண்டு பக்கமும் மூன்று மூன்று இடங்களில் அளந்து காட்டச் சொல்லுங்கள். வெட்டுக்கோடு குழாய்க்குக் கீழே குறைந்தது மூன்று நான்கு மில்லிமீட்டர் தள்ளியிருக்க வேண்டும். வெளிப்பட்டையைச் சீவும்போதும் நரம்பு பட்டையை ஒட்டி ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். நரம்பு அறுபடாமல் இழுபட்டது மட்டும் என்றால் மரமரப்பு சில வாரத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் மெல்ல விலகும். ஊசி குத்துவதுபோல் சுரீரென்று இழுப்பது மீண்டுவருவதன் அடையாளம். ஓராண்டுக்குப் பிறகும் மரத்தே இருந்தால் பெரும்பாலும் அப்படியே நின்றுவிடும். உதடு கோணாது, அழகும் கெடாது. ஆனால் சூடான காபி உதட்டைச் சுடுவது தெரியாது, சாப்பிடும்போது மோவாயில் ஒட்டிய பருக்கை தெரியாது. இதை ஆயுள் முழுக்க ஏற்கத் தயாரா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

மோவாயைக் குறுக்குவது தனி அறுவை. பற்களின் வேர்முனைக்குக் கீழே ஐந்து மில்லிமீட்டர் விட்டுக் குறுக்காக அறுத்து, நடுவில் 6 முதல் 10 மில்லிமீட்டர் அகல எலும்பை எடுத்துவிட்டு, இரண்டு துண்டுகளையும் நடுவே நெருக்கி டைட்டானியம் பிளேட்டும் ஸ்க்ரூவும் போட்டு இணைப்பார்கள். நரம்பு துளையிலிருந்து வெளிவரும் முன் கீழே இறங்கி வளைந்துதான் ஏறும். அதனால் குறுக்கு வெட்டு துளைக்கு ஐந்து மில்லிமீட்டராவது கீழே இருக்க வேண்டும். மோவாய்த் தசையை இருந்த இடத்தில் மறுபடி தைக்காவிட்டால் மோவாய்ச் சதை தொங்கி, கீழ்ப் பற்கள் எப்போதும் வெளியே தெரியும். அகன்ற, தட்டையான மோவாய் உள்ளவர்களுக்கே இது தேவை. எல்லோருக்கும் சேர்த்துக் கட்டும் பொட்டலமாக இதை விற்பது எனக்கு உடன்பாடில்லை.

கன்னக் கொழுப்பை எடுப்பதற்கு என் பதில் வேண்டாம் என்பதே. அந்த ஆழ்கொழுப்பு தாடை மூலைக்குச் சம்பந்தமில்லாத இடத்தில், கன்னத்தின் நடுவில் இருக்கிறது. 27 வயதில் அதை எடுத்துவிட்டால் வயது ஏறும்போது கன்னம் குழிந்து போகலாம். திருப்பி வைக்க வழியில்லை.

எலும்பைக் குறைத்தால் அதன்மேல் போர்த்திய தோலும் சதையும் குறைவதில்லை. இளம் வயதில் தோல் ஓரளவு சுருங்கி ஒட்டிக்கொள்ளும். அளவுக்கு மீறி எடுத்தால், கூடாரத்தின் கம்பைக் குட்டையாக்கியதுபோல, தாடையோரம் தொய்ந்து, கழுத்துக்கும் தாடைக்கும் இடையிலுள்ள கோடே மறைந்துவிடும். பக்கவாட்டில் தாடைக் கோணம் சராசரியாக 120 டிகிரியை ஒட்டி இருக்கும். 140-ஐத் தாண்டும்படி சீவிவிட்டால் காதிலிருந்து மோவாய்க்கு நேராகச் சரிவு இறங்கும், பார்த்ததும் அறுவை என்று தெரியும். குறைவாக வெட்டியதை மறுபடி வெட்டலாம். அதிகம் வெட்டியதை மீட்க நுண்துளை பாலிஎதிலீன் போன்ற செயற்கைப் பொருளை உள்ளே பொருத்த வேண்டும். அதற்குச் செலவும் தொற்று அபாயமும் முதல் அறுவையைவிட அதிகம்.

பல்வரிசையையும் பார்க்கச் சொல்லுங்கள். கீழ்த்தாடை முன்தள்ளியோ ஒரு பக்கம் சாய்ந்தோ இருந்தால், தேவைப்படுவது தாடையை நகர்த்தி வைக்கும் அறுவை. விளிம்பைச் சீவினால் கோணல் இன்னும் எடுப்பாகத் தெரியும்.

ஒன்பது நாள் லீவு போதாது. முதல் 48 முதல் 72 மணி நேரம் வரை வீக்கம் ஏறிக்கொண்டே போகும். போகும்போது இருந்ததைவிட முகம் பெரிதாகத் தெரியும். ஒரு ராத்திரியாவது மருத்துவமனையில் கண்காணிப்பில் இருக்க வேண்டும். வாய்க்குள் போட்ட தையல் ஆற இரண்டு வாரம். அதுவரை கஞ்சி, ரசம், அரைத்த பருப்பு, பால்; மருத்துவர் சொன்னபடி குளோர்ஹெக்சிடின் என்கிற கிருமிநாசினி வைத்துக் கொப்பளிப்பு. ஆறு வாரம்வரை குழைந்த சோறு, இட்லி போன்ற மெல்ல வேண்டாத சாப்பாடு. முறுக்கு, கரும்பு, எலும்புக்கறி கூடாது. இரண்டாவது வாரத்திலிருந்து வாய் திறக்கும் பயிற்சி செய்யாவிட்டால் தாடை இறுகிவிடும். மேலோட்டமான வீக்கம் ஒரு மாதத்தில் வடியும். கடைசி வடிவம் தெரிய ஆறு மாதம் ஆகும். ஆகவே போனால் அங்கே குறைந்தது இரண்டு வாரம் தங்க வேண்டும், கல்யாணத்துக்கு முன் போகவே கூடாது. நலங்கு வைக்கும்போது மோவாய் இன்னும் மரத்திருக்கலாம், முகத்தின் கடைசி வடிவமும் வந்திருக்காது. உங்களுக்கு அந்த நாள் அப்படிப் போக வேண்டாம்.

கல்யாணம் முடிந்து, ஊசியின் பலனையும் பார்த்த பிறகு, எலும்புக்காகச் சோலுக்குத்தான் போவேன் என்று முடிவெடுத்தால் சிலவற்றை உறுதி செய்துகொள்ளுங்கள். கொரியாவில் மருத்துவ உரிமம் பெற்ற எவரும் அழகு அறுவை செய்யலாம். பிளாஸ்டிக் சர்ஜரியில் சிறப்புத் தகுதி பெற்றவர் மட்டுமே கிளினிக்கின் பெயரிலேயே அந்தச் சொல்லைச் சேர்க்க முடியும். மற்றவர்கள் பெயருக்குப் பக்கத்தில் 'சிகிச்சைப் பிரிவு: பிளாஸ்டிக் சர்ஜரி' என்று போடுவார்கள். பலகையைப் படமெடுத்து மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டாலே வித்தியாசம் தெரிந்துவிடும். வெளிநாட்டு நோயாளிகளை ஏற்க அரசிடம் தனிப் பதிவும் தேவை. அந்தச் சான்றைக் கேளுங்கள். ஆலோசனை சொன்ன மருத்துவரே ரம்பத்தையும் பிடிக்கிறாரா, தையல்வரை இருப்பாரா என்று எழுத்தில் வாங்குங்கள். 2016-ல் சோலில் தாடை அறுவை செய்துகொண்ட ஒரு கல்லூரி மாணவர் கடும் ரத்தப்போக்கால் உயிரிழந்தார். முதன்மை மருத்துவர் பாதியில் வேறு அறைக்குப் போனது கேமராப் பதிவில் தெரிந்தது. அந்தப் பதிவைக் கையில் வைத்துக்கொண்டு அவருடைய தாயார் ஆண்டுக்கணக்கில் போராடினார். 2021-ல் சட்டம் நிறைவேறி, 2023 செப்டம்பர் 25 முதல் முழு மயக்க அறுவை நடக்கும் அறைகளில் கேமரா கட்டாயமானது. ஆனால் நோயாளி கேட்டால்தான் பதிவு செய்வார்கள். அறுவைக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். அந்தத் தாய் வாங்கித் தந்த உரிமை அது. மயக்க மருத்துவர் அங்கேயே முழுநேரம் பணியில் இருக்கிறாரா, ரத்தம் ஏற்ற நேர்ந்தால் எங்கிருந்து எத்தனை நிமிடத்தில் வரும் என்பதையும் கேளுங்கள். ஆஸ்பிரின், மீன் எண்ணெய் மாத்திரை போன்றவற்றை எப்போது நிறுத்துவது என்று மருத்துவரிடம் கேட்டு நிறுத்துங்கள். வீட்டிலிருந்து ஒருவரை உடன் அழைத்துப் போங்கள், தனியாகப் போகாதீர்கள்.

உடன் வருபவரிடம் இதைச் சொல்லி வையுங்கள். இரண்டு பக்கமும் ஒரேமாதிரி வீங்குவது இயல்பு. ஒரு பக்கம் மட்டும் திடீரென்று கல்லாக இறுகினாலோ, வாயில் ரத்தம் நிற்காமல் வந்தாலோ, நாக்கின் அடிப்பகுதி மேலெழும்பினாலோ, விழுங்க முடியாமல் எச்சில் வழிந்தாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ உள்ளே ரத்தம் தேங்கி மூச்சுவழியை அழுத்தத் தொடங்கியிருக்கலாம். கட்டு, ஐஸ் ஒத்தடம் என்று நேரம் கடத்தக்கூடாது. நோயாளியை உட்கார வைத்துவிட்டு, கிளினிக்கை அழைத்த அதே நிமிடத்தில் 119-ஐயும் அழைக்க வேண்டும். கொரியாவின் ஆம்புலன்ஸ் எண் அதுதான்.